முன் அனுபவம்

மணப்பெண்ணின் பெயரைச் சொன்னது மாப்பிள்ளை இல்லை. அவன் பின்னால் நின்ற அக்கா ஞானபூரணி.

பாவி, நாக்கு முந்திக்கொண்டது.

திருத்தங்கல் சர்ச்சில் உட்கார இடமில்லாத கூட்டம். குருவானவர் துண்டு துண்டாகச் சொல்லச் சொல்ல, தம்பி இன்பராஜ் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தான். 'இன்பராஜாகிய நான்' என்பதைக்கூட எப்படியோ தாண்டிவிட்டான். அடுத்து பெண்ணின் பெயர். 'தே' என்று எடுத்தவன் திக்கி அங்கேயே நின்றுவிட்டான். கழுத்து நரம்பு புடைத்தது.

"தேவமணி!" என்று இவள் சொல்லிவிட்டாள். அதுவும் கணீரென்று.

பின்வரிசையில் எவனோ கேட்டான். "ஏலே, கல்யாணம் தம்பிக்கா, அக்காளுக்கா?"

சர்ச் கொல்லென்று சிரித்தது.

இருபது வருடப் பழக்கம் சும்மா இருக்குமா? கடையில் அவனுக்காக உப்பு கேட்டது அவள். பள்ளிக்கூடத்தில் அவனுக்காக 'உள்ளேன் ஐயா' சொன்னது அவள். பட்டாசுக் கம்பெனியில் அவனுக்கு வேலை கேட்டதும் அவள்தான். பாசக்கார அக்கா என்று ஊரே மெச்சியது.

அந்தத் தைரியத்தில்தான் மைசூருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தாள். திக்குகிறவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற படிப்பாம், புதிதாக ஆரம்பித்திருக்கிறார்களாம். நாளைக்காவது தபாலில் சேர்க்காவிட்டால் தேதி போய்விடும். காலையில்கூட அப்பா தேவாசீர்வாதம் குதித்தார்.

"இருக்கிற டீச்சர் வேலைய விட்டுட்டு, திக்குவாய்க்குப் பேசச் சொல்லிக் குடுக்கப் போறியாக்கும்? இதெல்லாம் ஒரு உத்தியோகமா?"

அவளுக்கும் இழுபறிதான். கல்யாணம் முடியட்டும், யோசிக்கலாம் என்றிருந்தாள்.

இன்பராஜ் திரும்பி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் நன்றி இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

குருவானவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடியும் அதே இடத்தில் மாட்டிக்கொண்டான். ஞானபூரணி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அங்கேயே செத்துவிடலாம் போல் வெட்கமாக இருந்தது.

தேவமணி மட்டும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒரு அவசரமும் இல்லை.

எவ்வளவு நேரமோ. கடைசியில் அந்தப் பெயர் வந்தது. அவன் வாயிலிருந்தே வந்தது.

தாலியில் முதல் முடிச்சை அவன் போட்டான். மற்ற இரண்டும் மாப்பிள்ளையின் அக்கா போட வேண்டும். ஞானபூரணிக்கு முடிச்சு சரியாக விழவில்லை. குனிந்த தலை நிமிராமல் தேவமணி அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே அவுக பேசட்டும்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன், மதினி. நீங்க விடல."

வெளியே பந்தி களைகட்டியது. எல்லாரும் ஞானபூரணியைத் தேடினார்கள். அவள் காலியான சர்ச்சில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, விண்ணப்பத்தை எடுத்து மடியில் விரித்தாள்.

'முன் அனுபவம்' என்ற இடத்தில், திக்குகிற தம்பிக்காக இருபது வருடம் பேசியிருக்கிறேன் என்று பெருமையாக எழுதி வைத்திருந்தாள்.

அதை அடித்தாள். பக்கத்தில் 'எதுவும் இல்லை' என்று எழுதினாள்.

பிறகு உறைக்குள் போட்டு ஒட்டினாள்.