கோமாளியின் எழுத்து

ஃபூ கென்ஷெங் இன்னும் தூரிகையைத் தொடவில்லை.

அவர் தொடாமல் வேறு யாரும் தொடக்கூடாது. கோமாளி தன் மூக்கில் வெள்ளை வைத்த பிறகுதான் மற்ற முகங்களில் வண்ணம் ஏறலாம் என்பது சீன நாடகக்காரர்களின் பழைய கட்டு. ராணி வேஷம் கட்டும் பெய்லானுக்கும் அதில் விலக்கு கிடையாது.

கோயில் மேடைக்குப் பின்னாலிருந்த கூடாரத்தில் எல்லோரும் வெறும் முகத்தோடு காத்திருந்தார்கள். வெளியே தூறல். ஊர் ஜனம் குடையைப் பிடித்தபடி சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தது. தாளக்காரர் பொறுமையிழந்து தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கென்ஷெங் உடைப்பெட்டியின் மேல் கால்மேல் கால் போட்டு, நீளமான சட்டைக் கைகளுக்குள் கைகளைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மொதல்ல அந்தப் பலகையை மாத்தச் சொல்லு.”

வாசல் பலகையில் அவர் பெயருக்கு எதிரே ஒற்றை எழுத்து இருந்தது. சோவ். கோமாளி வேஷத்துக்கு அதுதான் எழுத்து. பன்னிரண்டு மிருக வருஷங்களில் காளை வருஷத்துக்கும் அதே. அவலட்சணம் என்று எழுதவும் அதே. காலையில் யாரோ ஒரு பெண் அதைப் படித்துவிட்டு, இவர் முகத்தையும் பார்த்துச் சிரித்தாளாம்.

வாழ்நாள் முழுக்க அந்த எழுத்தின் கீழ் ஆடியவருக்கு இன்றைக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்திருக்கிறது. பெய்லானுக்கு மண்டை காய்ந்தது.

“எங்கப்பா காலத்துல அசிங்கத்துக்குன்னு தனி எழுத்து இருந்துச்சு. கோடு ஜாஸ்தின்னு அதை ஒழிச்சுட்டு, அந்த அசிங்கத்தையும் என் எழுத்து தலையில கட்டிட்டானுங்க. ஜப்பானுக்கு ஆடப் போனோமே, பார்த்தியா? வெயில் காலத்துல காளை நாளுன்னு இதைக் கொடியில எழுதித் தொங்கவிட்டு விலாங்கு மீன் விக்கிறான். கொரியாக்காரன் ‘சுக்’குங்கறான், அவனுக்கும் மாடுதான். வியட்நாம்ல எருமை. ஒருத்தனாவது அசிங்கம்னு சொல்றானா?”

“அண்ணே, நீங்க காளையாவே இருங்க, எருமையாவே இருங்க. மூக்குல ஒரு இழுப்பு இழுத்துட்டு இருங்க!”

“பலகை.”

மற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டு தேநீர் தேடி வெளியே போனார்கள்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து குழுத்தலைவர் யான் கத்தினார். “இன்னும் வெக்கலையா? அவரால முடியலைன்னா சொல்லு. இருக்கவே இருக்கான் ஷாவ்பிங், ஏத்திவிட்டுடறேன். பெரியவர் ஊருக்குப் போய் ஓய்வெடுக்கட்டும்!”

கென்ஷெங் இதற்கும் ஏதாவது நறுக்கென்று சொல்லுவார் என்று பெய்லான் பார்த்தாள். ஆனால் அவருடைய சட்டைக் கைகளுக்குள் கைகள் இன்னும் ஆழமாகப் போயின.

அவள் விறுவிறுவென்று போய்த் தூரிகையை வெள்ளையில் தோய்த்தாள். அவருடைய வலது சட்டைக் கையைப் பிடித்து வெடுக்கென்று மேலே இழுத்தாள்.

விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கிக் கிடந்தன. அவள் விரிக்கப் பார்த்தாள். வரவில்லை. அவர் பல்லைக் கடித்து மூச்சை இழுத்தார்.

“ஈரம் பட்டா புடிச்சுக்குது, தங்கச்சி. கொஞ்ச நேரம் போனா தானா விட்டுடும். அதுவரைக்கும் ஓட்டிடலாம்னு பார்த்தேன்.” குரலில் கோபத்தின் தடமே இல்லை. “யான்கிட்ட மட்டும் சொல்லிடாதே.”

அவர் அந்தக் கையை அவள் முன்னால் தூக்கிக் காட்டினார்.

“அந்த எழுத்தை ஆதியில எப்படி வரைஞ்சாங்க தெரியுமா? காளை மாதிரியும் இல்ல, அசிங்கமாவும் இல்ல. விரல் மடங்குன ஒரு கை. இதோ, இதே மாதிரி.”

மேடையில் சிரிப்பதுபோலச் சிரித்துக் காட்டினார்.

பெய்லான் சிரிக்கவில்லை. மடங்கிய விரல்களின் இடுக்கில் தூரிகைக் காம்பைச் செருகினாள். அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்து அவர் மூக்குவரை கொண்டுபோனாள். வெள்ளைச் சதுரம் ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தது.

“உள்ளே என்னதான் நடக்குது?” திரை அசைந்தது.

அவள் அவசரமாக அவருடைய சட்டைக் கையை இழுத்து மூடினாள். பிறகு, இதுவரை இருந்த எரிச்சலில் ஒரு இம்மியும் குறையாமல் கத்தினாள்.

“வெச்சாச்சு, வெச்சாச்சு! அவர் கையாலேயே வெச்சாச்சு! இந்த மனுஷனோட அலட்டல் தாங்க முடியலப்பா!”