பச்சைப் பொட்டலம்

பச்சைப் பொட்டலத்தின் பக்கம் நீண்ட கையைப் பட்டென்று தட்டிவிட்டேன்.

"கோடு என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு அப்புறம் கையை நீட்டுங்க."

என் வீட்டுக்காரர் சுய்வாங் முனகினார். காலையிலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லையாம். ஒரு பொரி குறைந்தால் கருவி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கா போய்விடும் என்றார்.

ஆய்வுக்கூடத்துப் பெண் பெய்யூ என் கட்சி. எங்கள் ஊர் நம்பிக்கைப்படி கருவியின் தலையில் சோளப்பொரிப் பொட்டலம் இருந்தால்தான் அது சமர்த்தாக வேலை செய்யும். உறை பச்சையாக இருக்க வேண்டும், தேதி தாண்டக் கூடாது, வேலை முடியும்வரை பிரிக்கவும் கூடாது. டாக்டர் பட்டம் வாங்கியவள் இதையெல்லாம் நம்பலாமா என்று கேட்டார் இவர். நான் நம்பாவிட்டால் என்ன, கருவி நம்புகிறதே என்றாள் அவள்.

சாப்பாட்டு டப்பா அளவுப் பெட்டி அது. ஒரு வாரமாக எங்கள் சமையலறையில்தான் பொட்டலமும் தானுமாகத் தூங்கியது; இன்று வரப்புக்கு வந்திருந்தது. முனையில் நகத்தளவு தங்கத் தகடு. அதில் ஏதோ புரதம் பூசியிருக்கிறதாம். காட்மியம் என்ற விஷ உலோகத்தைக் கண்டால் கட்டிப்பிடித்துக்கொள்ளும், விடாது. பிடித்தால் திரையில் கோடு ஏறும்.

ஏறினால், வரப்போரம் நிற்கும் அறுவடை வண்டி எங்கள் நெல்லை எரிக்கக் கொண்டுபோகும்.

ஏறாவிட்டால் அரிசி ஆலைக்கு.

முலாம் பட்டறைக் கழிவு வாய்க்காலில் கலந்த வருஷம் எங்கள் நிலத்தில் பயிர் வைக்கக் கூடாது என்றார்கள். மண்ணைப் புரட்டி, மாற்றி, இருபத்திரண்டு வருஷம் கழித்து இதுதான் முதல் போகம்.

அரிசியை அரைத்துக் கரைத்த நீரில் ஒரு சொட்டைத் தகட்டில் விட்டாள் பெய்யூ.

கோடு நடுங்கியது. இவர் என் மணிக்கட்டை நெரித்தார்.

கோடு படுத்துக்கொண்டது.

இன்னொரு தகடு, இன்னொரு சொட்டு. படுத்தது. மூன்றாவதும் சோம்பேறி மாதிரி படுத்தே கிடந்தது.

பெய்யூ கூவிய கூவலில் கொக்குகள் எழும்பின. ரப்பர் பூட்சோடு குதித்த இவர் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே கருவிக்கு மூன்று கும்பிடு போட்டார். அந்தப் புரதத்துக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கலாமா என்று விசாரித்தார். வண்டிக்காரன் விஷயம் தெரியாமலே ஹார்ன் அடித்தான். எனக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

வேலை முடிந்தால் பொட்டலம் எல்லோருக்கும் பொது. பெய்யூ கிழித்து நீட்டினாள். வண்டிக்காரனும் ஓடிவந்து கை நிறைய அள்ளினான்.

"என்ன அத்தை, இந்தத் தடவை ருசியே வேற. சோளம் மாதிரியே இல்லை" என்றாள் பெய்யூ.

இவர் வாய் பாதி மெல்லலில் நின்றது. என்னைப் பார்த்தார்.

நான் வானத்தைப் பார்த்தேன்.

முந்தாநாள் சந்தையில் பொரிக்காரரின் அரிசி பொரிக்கும் இரும்புக் குழாய் டமார் என்று வெடித்துத் திறந்தபோது அதற்குள் இருந்தது நான் முன்பே கொஞ்சம் அறுத்துக் குத்திய எங்கள் வயல் அரிசி. பொட்டலத்தின் அடியைப் பிரித்து, சோளப்பொரியை வாத்துகளுக்குப் போட்டுவிட்டு, இதை நிரப்பி ஒட்டியவள் நான். கோடு ஏறியிருந்தால் யாரும் தொடும் முன் அது அடுப்புக்குள் போயிருக்கும்.

இவர் மென்று முடித்தார். சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்தார். திரும்பவும் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடுடி."

இந்தத் தடவை நான் தட்டவில்லை.