இருபது அடி பின்னால்

"முருகையன் தினம் என் பின்னாலேயே வர்றான் சார். என்னைக்காவது ஆத்துல பிடிச்சுத் தள்ளிடுவான்."

மிராசுதார் பஞ்சநதம் புகாரை நீட்டினார். சப்-இன்ஸ்பெக்டர் படித்துப் பார்த்தார். அடித்ததாக இல்லை, திட்டியதாக இல்லை. நடந்தான் என்று மட்டும் ஒன்றரைப் பக்கத்துக்கு இருந்தது.

விஷயம் இதுதான். பஞ்சநதத்துக்கு உடம்பில் சர்க்கரை. தினம் காலாற நடக்கச் சொல்லிவிட்டார் தஞ்சாவூர் டாக்டர். நடப்பதற்கென்றே குடமுருட்டி ஆற்றங்கரை இருக்கிறது. மேடு பள்ளம் கிடையாது, வழியெல்லாம் மூங்கில் நிழல். படித்துறையில் ஆரம்பித்தால் மராட்டிய ராஜா காலத்துச் சத்திரம் வரை ஒரு மைல். விடிந்ததும் கைத்தடியோடு கிளம்பிவிடுவார்.

இரண்டு மாதம் நடந்தார். சர்க்கரை இறங்கவில்லை, ஏறியது. டாக்டர் குழம்பிப்போய் இன்னும் நடக்கச் சொன்னார்.

மூன்றாம் மாதம்தான் முருகையன் வந்து சேர்ந்தான்.

அவன் பஞ்சநதத்தின் ஒன்பது மா நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவன். குத்தகைக்காரர்கள் பேரைப் பதிய வேண்டும் என்று புது சர்க்கார் சட்டம் கொண்டுவந்ததும் பதியப் போனான். இவன் குத்தகைக்காரனே இல்லை, கூலிக்கு வந்தவன் என்று பஞ்சநதம் ஆட்சேபித்தார். கேஸ் தஞ்சாவூருக்குப் போயிற்று. தோற்றால் முருகையனுக்கு ஒரு குழி நிலம்கூட மிஞ்சாது.

கேஸ் முடிகிற வரை அவனை 'டா' போட்டுப் பேச வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். பஞ்சநதமும் பல்லைக் கடித்துக்கொண்டு 'வாங்க, போங்க' என்று பழகிவந்தார்.

அப்பேர்ப்பட்டவன் இருபது அடி பின்னால் வந்தால் எப்படி இருக்கும்? இவர் நின்றால் அவனும் நின்றான். இவர் நடையை எட்டிப் போட்டால் அவனும் எட்டிப் போட்டான். ஒரு நாள் திரும்பி நின்று, என்ன வேண்டும் என்று கேட்டார்.

"ஒண்ணும் வேணாங்கய்யா. கரை பொது வழிதானுங்களே."

சரி, நீங்க முன்னால் போங்க என்றார். போனான். பத்தடிக்கு ஒரு தரம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். அது இன்னும் மோசமாக இருந்தது.

ஊரே முருகையனைத் திட்டியது. நோயாளி மனுஷனை இப்படியா மிரட்டுவது, கோர்ட்டில் முடியாததைக் கரையில் முடிக்கப் பார்க்கிறான் என்றார்கள். விவசாயச் சங்கத்துக்காரர்களே வந்து, நமக்கு அசிங்கமாக இருக்கிறது, விட்டுவிடு என்றார்கள். மறுநாள் விடிந்ததும் அவன் கரையில் நின்றான்.

இதில் வேடிக்கை, பஞ்சநதத்துக்குச் சர்க்கரை மளமளவென்று இறங்கியதுதான். பயத்தில் கரைந்துபோய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

மிரட்டினான் என்று போலீசில் ஒரு கேஸ் பதிவானால் நிலத்துக் கேஸும் நம் பக்கம் சாய்ந்துவிடும் என்றார் வக்கீல். அப்படி வந்ததுதான் இந்தப் புகார்.

சப்-இன்ஸ்பெக்டருக்குத் தர்மசங்கடம். இந்த ஆட்சியில் குத்தகைக்காரன் மேல் சும்மா கை வைத்தால் எம்.எல்.ஏ. போன் பண்ணுவார். வைக்காவிட்டால் மிராசுதார் மந்திரிக்குத் தந்தி அடிப்பார். நம் கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்று மறுநாள் மஃப்டியில் கரைக்கு வந்துவிட்டார்.

முன்னால் பஞ்சநதம். இருபது அடி பின்னால் முருகையன். அவனுக்கு இருபது அடி பின்னால் சப்-இன்ஸ்பெக்டர். சாமி புறப்பாடு மாதிரி மூன்று பேரும் போனார்கள்.

சத்திரத்து வாசலில் சிங்காரவேலுவின் பலகாரக் கடை. அதைக் கண்டதும் பஞ்சநதம் தலையைக் குனிந்துகொண்டு நடையைக் கூட்டினார். சிங்காரவேலு விடவில்லை.

"என்னங்கய்யா, இப்பல்லாம் கடைப்பக்கம் எட்டியே பாக்க மாட்டேங்கிறீங்க? முந்தி தினம் கால் கிலோ அசோகா அல்வா நின்ன இடத்துலயே சாப்பிடுவீங்க. பண்டத்துல ஏதும் குறைங்களா?"

பஞ்சநதம் ஆற்றைப் பார்த்தார். சப்-இன்ஸ்பெக்டர் முருகையனைப் பார்த்தார்.

அதட்டிக் கேட்டதும், அல்வா சங்கதிதான் வெளியே வந்துவிட்டதே என்று அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். டாக்டர் குழம்பினாரே தவிர, பஞ்சநதத்தின் மனைவி பிரகதாம்பாள் குழம்பவில்லை. நடந்து வந்தவரின் துண்டில் வியர்வை வாசனைக்குப் பதில் நெய் வாசனை அடித்திருக்கிறது. நேரே முருகையனிடம் போனாள். அவர் வேறு யார் பார்த்தாலும் வாங்கித் தின்பார், கோர்ட்டில் எதிரே நிற்கிறவன் பார்க்க மட்டும் அல்வாவுக்குக் கை நீட்ட மாட்டார், நீதான் கூடப் போக வேண்டும், நான் சொன்னதாகத் தெரியக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள்.

சப்-இன்ஸ்பெக்டர் புகாரை நாலாக மடித்துப் பையில் வைத்தார். "ஏம்ப்பா, இது பதிவாகியிருந்தா உன் ஒன்பது மா நிலமும் போயிருக்குமே. அப்பவும் சொல்லியிருக்க மாட்டியா?"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துட்டேனுங்களே."

பஞ்சநதத்துக்கு வக்கீல் சொன்னதெல்லாம் மறந்துபோயிற்று. வெட்கம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம்.

"ஏண்டா, நான் போய்ச் சேந்தா உனக்கு நல்லதுதானேடா? கேஸ் போட்டவனுக்காடா காவல் இருந்தே?"

முருகையன் அவர் கையிலிருந்து நழுவிய தடியை எடுத்துக் கொடுத்தான்.

"கேசு அதுபாட்டுக்கு நடக்கட்டுங்கய்யா. நீங்களும் நடக்கணும்ல."