வெள்ளிப்பிடிக் கத்தி

"வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் சரி. கூட்டம் இருக்காது."

"மத்ததெல்லாம் சரிடா. வாசல்ல நிக்கிற பட்டாணி வாயைத் திறந்தா?"

"நான் தொலைஞ்சேன். அவனை முதல்ல சரிக்கட்டணும். உள்ள அந்த வெள்ளிப்பிடிக் கத்தி வரைக்கும் போயிட்டாப் போதும், விஜி. நம்ம காரியம் முடிஞ்சது."

போன வாரம் கோட்டை வாசலில் நின்று இரண்டு பேர் பேசிய இந்தப் பேச்சு, சதக்கத்துல்லாவின் காதுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் சொன்ன பட்டாணி, கோட்டை வாசல் காவலாளியான அவர்தான்.

ஆறடி உயரம், சிவந்த நிறம், மருதாணி போட்ட தாடி. பார்க்கிறவர்கள் எல்லாம் அவரைப் பட்டாணியர் என்று நினைத்து "கைசா ஹை, கான் பாய்?" என்று இந்தியில்தான் நலம் கேட்பார்கள். அவர் பக்கா கீழக்கரைக்காரர் என்பது தெரியாமல், நம்ம ஊர்க்காரர்கள் அவர் மூக்குக்கு நேராகவே தமிழில் ரகசியம் பேசிவிட்டுப் போவார்கள்.

அமீரகத்தில், புஜைராவின் மலையடிவாரத்தில் இருந்த அந்தக் கோட்டைக்கு ஐந்நூறு வயது என்றது வாசல் பலகை. எந்தப் படையும் உள்ளே நுழைந்ததில்லையாம். 'அப்படிப்பட்ட கோட்டையில் என் டியூட்டியிலா கத்தி காணாமல் போக வேண்டும்?' என்று தனக்குள் புலம்பிக்கொண்டார். கத்தி போனால் வேலை போகும். வேலை போனால் விசாவும் போகும். அடுத்த மாதம் முதல் முறையாக துபாய் பார்க்க வரும் அவர் மனைவி அஸ்மத் பீவி, அவரை ஊரிலேயே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை. கத்தி இருந்த கண்ணாடிப் பெட்டிக்கு இன்னொரு பூட்டுப் போட்டார். கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

அந்த இருவரில் ஒருவன் வந்தான். அந்த வெயிலில் கோட்டு, டை! ஆள் வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தான். கூட்டாளி தூரத்தில் காரை அணைக்காமல் வைத்திருந்தான்.

"கான் பாய்... ஏக் சோட்டா காம்..." என்று இளித்தபடி ஒரு அல்வாப் பொட்டலத்தை நீட்டினான்.

"என்னடா சின்ன வேலை? கத்தியா? தமிழ்லயே சொல்லு!"

பொட்டலம் கீழே விழுந்தது. "பாய்... நீங்க தமிழா?"

"கீழக்கரை. போலீசுக்குப் போன் போடட்டா?"

"ஐயோ, நான் திருடன் இல்ல பாய்! என் பேரு ராக்கப்பன். மினி பஸ் டிரைவர்." குரலைத் தாழ்த்தினான். "கார்ல பின்னால உக்காந்திருக்கிறது என் சம்சாரம் நாகவள்ளி. இந்தக் கோட்டைக்கே நான்தான் மேனேஜர்னு பொண்ணு பார்க்கப் போனப்பவே சொல்லிட்டேன். அந்தக் கத்தி முன்னால நின்னு எடுத்த போட்டோவைத்தான் காட்டினேன். இப்ப விசிட்ல வந்துட்டா, ஆபீசைக் காட்டுங்கன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா."

"அதுக்கு?"

"அவ வர்றப்ப எனக்கு ஒரே ஒரு சல்யூட். கோவிச்சுக்காதீங்க பாய்."

சதக்கத்துல்லா அவனையே பார்த்தார். தாடியைத் தடவினார். பிறகு விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"கூட்டிட்டு வா. டையை நேராப் போடு, மேனேஜர் மாதிரியா இருக்கே?"

நாகவள்ளி படியேறியதும் அவர் அடித்த சல்யூட்டில், கோட்டை மேல் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. "குட் ஈவ்னிங், மேனேஜர் சார்!"

அவள் கணவனை நிமிர்ந்து பார்த்தாள். தன் முந்தானையாலேயே அவன் நெற்றி வியர்வையை ஒற்றினாள். "இவ்வளவு பெரிய கோட்டையை ஒத்த ஆளாப் பார்த்துக்கிட்டா உடம்பு என்னத்துக்காகும்?" என்று உருகினாள். கத்தியைப் பார்த்தாள். பீரங்கியைத் தொட்டாள். வெளியே வந்தபோது, ராக்கப்பன் நிஜமாகவே ஒரு சுற்றுப் பெருத்திருந்தான்.

அவள் காரில் ஏறியதும், சதக்கத்துல்லா அவனை மட்டும் சுவரோரமாக இழுத்தார். ஏதோ சொல்ல வந்தார். இருமினார். சுற்றிலும் பார்த்தார். பதினெட்டு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்ததை ஒருவழியாக வெளியே விட்டார்:

"தம்பி, அடுத்த மாசம் எங்க வூட்ல வர்றா... அன்னிக்கு அந்தக் கோட்டு, டை ரெண்டையும் எனக்குக் குடுத்துட்டு, சல்யூட்டை நீ அடிக்கிறியா?"