கதாநாயகியின் கூந்தல்

“தனியா இருக்கிறவ தன் முடியவே திம்பான்னு எவன்யா சொன்னது? என்னப் பொண்ணு பாக்க வந்தவங்க உன் கதையப் படிச்சுட்டு ஓடிட்டாங்க!” என்று வாசலில் நின்று கத்தினாள் ஜெஸ்ஸி.

“கதைதானே தாயி,” என்று இளித்தார் எழுத்தாளர் சடையாண்டி. பெண்டாட்டி இல்லாத வழுக்கைத்தலையர். அவர் எழுதும் பெண்களெல்லாம் ஆம்பளைக்கு ஏங்கியே பைத்தியமாவார்கள். முடி தின்னும் இந்தக் கதாநாயகிக்கு மட்டும் ஜெஸ்ஸியின் தெரு, ஜெஸ்ஸியின் மில் வேலை.

எதிர்வீட்டு மாயம்மாளுக்கு வேடிக்கை போதவில்லை. மறுநாளும் அவர் வீட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். சடையாண்டி அவித்த முட்டையை உரித்துப் பிட்டார். மஞ்சள்கருவிலிருந்து ஈரமான நீள முடி இழுக்க இழுக்க வந்தது. அடுத்த முட்டையிலும் வந்தது. கொஞ்ச நாளில் அவர் இழுப்பதை விட்டுவிட்டு மென்றார்.

ஜெஸ்ஸி பழனி லாட்ஜ்காரரைக் கட்டிக்கொண்டு போனாள். சடையாண்டி வேடசந்தூரில் இருக்கும் தங்கச்சி வீட்டோடு போய்விட்டார். அங்கே அவர் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சாப்பிடுவதில்லையாம்.