இறக்கைகளுக்கு நடுவே கட்டிய நூல்

ஓர் ஊரிலே, ஓர் அலமாரி மேலே, பறக்காத விமானம் ஒன்று இருந்ததாம். அந்தக் காலத்து இரட்டை இறக்கை விமானத்தைப் பார்த்து, கையளவில் மரத்தில் செய்தது. இறக்கைகளுக்கு நடுவே விறைப்பாக நூல் கட்டி முடித்ததும், செய்தவர் அடுத்ததைச் செய்யப் போய்விட்டார்.

ஒரு நாள் சிலந்தி வந்தது. “யாரு கட்டின வலை அண்ணே? ஓட்டை இம்புட்டுப் பெருசு, ஈ சிரிச்சிட்டே போயிடும்!”

“கட்டினவ இப்போ வந்துடுவா,” என்றது விமானம்.

அடுத்தவள் இடத்தில் கேட்காமல் வலை கட்டக் கூடாதென்று சிலந்தி பட்டினியாகக் காத்திருந்தது. தினமும் கதை பேசியது. கால்கள் இளைத்துக்கொண்டே வந்தன.

விமானத்துக்குத் தாங்கவில்லை. “அது வலை இல்லம்மா. இறக்கை ஆடாம இருக்கக் கட்டின நூல். யாரும் வரமாட்டாங்க.”

“முதல்லயே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா போயிடுவியே.”

“இருன்னு கேட்டிருந்தா, இங்கேயே கட்டியிருப்பேனே அண்ணே,” என்ற சிலந்தி மெல்ல இறங்கிப் போனது.