இன்னொரு கேட்டில் வாங்கிய வண்டி

"கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறியேப்பா?"

புரொடக்‌ஷன் மேனேஜர் இராமச்சந்திரன் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். லைனிலிருந்து நேரே வந்திருந்த இசக்கிதுரை கிளவுஸைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

காலையில் கார் பாக்டரி கேட்டிலேயே வம்பு தொடங்கிவிட்டது. போட்டிக் கம்பெனி வண்டிக்கு உள்ளே இடமில்லை என்று செக்யூரிட்டி கையை விரிக்க, வாங்கி நாலே நாளான குட்டி எஸ்யூவியை ரோட்டோர டீக்கடைப் பக்கம் விட்டுவிட்டு வந்தான். ஒன்பது மணிக்குள் லைன் முழுக்கப் பரவிவிட்டது. பத்து மணிக்கு மேனேஜர் கூப்பிட்டுவிட்டார்.

பின்னே? எட்டு வருஷமாக இங்கே கார் பூட்டும் லைனில் நிற்பவன். இதே அளவு வண்டியைத் தொழிலாளிக்குச் சலுகை விலையில் தருகிறார்கள். அதை விட்டுவிட்டு இதே ஒரகடத்தில் இன்னொரு கம்பெனி கேட்டில் போய் வாங்கினால் எந்த மேனேஜருக்குத்தான் பொறுக்கும்?

மேஜையில் ஒரு கவர் இருந்தது. லைன் லீடர் ஆக்கும் லெட்டர். கையெழுத்து மட்டும் பாக்கி. திருநெல்வேலியில் பஸ் ஏறிய நாளிலிருந்து இசக்கிதுரை கனவு கண்டது அதைத்தான்.

"காரணம் சொல்லு. நியாயமா இருந்தா இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்."

மைலேஜ் என்றான். மழை பெய்தால் பென்னலூர் ரோட்டில் முழங்கால் தண்ணீர், வண்டி உயரமாக வேண்டும் என்றான். சர்வீஸ் செலவு குறைவு, நடுவழியில் காலை வாராது என்று எல்லாரும் சொல்கிறார்கள் என்றான்.

"இதெல்லாம் நம்ம வண்டியிலயும் இருக்குதேப்பா."

இருந்தது. மிச்சமிருந்த ஒரே காரணத்தை அவன் வெளியே எடுக்கவில்லை.

சரி போ என்பதுபோல் இராமச்சந்திரன் பேனாவைத் திறந்தார். "என் பொண்ணே நம்ம வண்டிதான் ஓட்டறா. பேத்தியப் பின்னாடி உட்கார வச்சு, பெல்ட் போட்டு, தினமும் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறா."

இன்னும் அரை நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். லெட்டர் கைக்கு வந்துவிடும். இசக்கிதுரைக்குத் தன் நாலு வயது மகளின் முகம் கண்ணெதிரே வந்து தொலைத்தது.

"அந்த வண்டி எந்த மாசம் லைன்ல இறங்குச்சு சார்?"

"மார்ச். ஏன்?"

மார்ச்சில்தான் போல்ட் முறுக்கும் மெஷின் மூன்று நாள் படுத்துக்கொண்டது. பின்சீட் பெல்ட்டின் போல்ட்டைக் கையால் முறுக்கி, முறுக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாக மஞ்சள் பெயின்ட் வைக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு ஷிப்ட், கண் செருகிக்கொண்டு போனது. எத்தனையோ போல்ட்டுக்கு இசக்கிதுரை முறுக்காமலே பெயின்ட்டை மட்டும் வைத்தான். எந்தெந்த வண்டி என்று அவனுக்கே தெரியாது. யாரிடமும் சொல்லவும் இல்லை.

அந்த இன்னொரு கேட்டுக்குள்ளும் ஓர் இசக்கிதுரை இருப்பான். ஆனால் அவன் தூங்கியதை இவன் பார்த்ததில்லை.

"பேத்திய அதுல ஏத்த வேண்டாம்னு போன் போடுங்க சார். மார்ச் வண்டி அத்தனையும் திருப்பிக் கூப்பிடுங்க" என்றான். "அந்த பெல்ட்டை மாட்டுனது நான்தான். என் கை பட்ட போல்ட்டை நம்பி என் பிள்ளைய உட்கார வைக்க எனக்கு மனசு வரல."